கொலுவில் மூழ்கிய கப்பல்

ஐம்பதைத் தாண்டிய ஒரு மனிதன் கூடத்தில் குப்புறப் படுத்துக்கொண்டு, குழந்தை குளிப்பாட்டும் பிளாஸ்டிக் தொட்டியில் மிதக்கும் ஓர் எண்ணெய் டின்னிடம், "கொஞ்சம் பின்பக்கம் எறங்கு கண்ணு, முன்பக்கம் மட்டும் மேலயே இரு" என்று கெஞ்சிக்கொண்டிருந்தால் அவனைப் பற்றி நீங்கள் என்ன நினைப்பீர்களோ, அதைத்தான் என் மனைவியும் நினைத்தாள். சமையலறை வாசலில் நின்று பார்த்தாள். ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்விட்டாள். எங்கள் வீட்டில் ஒன்றும் சொல்லாமல் போவதுதான் கடைசி எச்சரிக்கை.

இதில்கூடக் கொஞ்சம் மானம் மிஞ்சுகிறது. மிஞ்சாத பகுதி இனிமேல்தான். அந்த எண்ணெய் டின், முதல் உலகப் போரில் மூழ்கடிக்கப்பட்ட ஒரு சரக்குக் கப்பல். அதை நான் எங்கள் நவராத்திரிக் கொலுவில் வைத்தேன். என் மகளுக்குப் பேசிக்கொண்டிருந்த பையன் கப்பலில் எஞ்சினியர் என்று தெரிந்தே வைத்தேன். அந்தப் பையனின் அம்மா கொலு பார்க்க வருகிறார் என்று தெரிந்தே வைத்தேன். தெரியாமல் செய்தால்தான் தவறு, தெரிந்து செய்தால் அது ஒரு கொள்கை என்று அப்போது எனக்கு ஒரு எண்ணம்.

கப்பலுக்கும் எனக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். ஒன்றும் கிடையாது. எங்கள் ஊரிலிருந்து கடலைப் பார்க்க வேண்டுமென்றால் பாண்டிச்சேரிக்குப் பஸ் ஏற வேண்டும். நான் வாழ்க்கையில் ஒரே ஒரு முறை நீரின்மேல் பயணம் செய்திருக்கிறேன், சாத்தனூர் அணையில், மிதி படகில். கரை கண்ணுக்குத் தெரிகிற தூரத்திலேயே வாந்தி எடுத்தேன். படகை மிதித்துக்கொண்டிருந்த என் மகளுக்கு அப்போது பள்ளிக்கூட வயது. "கடல் காத்துப்பா" என்று ஆறுதல் சொன்னாள்.

வினை ஒரு புத்தகத்தில் வந்தது. செங்கம் சாலையில் வெளிநாட்டுக்காரர்கள் தங்கும் பக்கமாக ஒரு பழைய புத்தகக் கடை இருக்கிறது. ஆன்மாவைத் தேடி வருபவர்கள் ஊருக்குத் திரும்பும்போது பெட்டியின் கனம் குறைய விட்டுப்போகும் புத்தகங்கள் எல்லாம் அங்கேதான் சேரும். தியானம், மௌனம், மூச்சு, மறுபடியும் தியானம். அவற்றுக்கு நடுவே ஒரு நாள் செங்கல் போலத் தடிமனாக ஒன்று கிடந்தது. அந்தப் போரின்போது நீர்மூழ்கிகளால் மூழ்கிய கப்பல்களைப் பற்றியது. எந்த மகானைத் தேடி வந்தவர் அதைப் பையில் தூக்கிக்கொண்டு வந்தாரோ தெரியாது. அவருக்கு அமைதி கிடைத்ததால் விட்டுப்போனார் என்று நினைக்கிறேன். எடுத்து வந்த எனக்கு அது போயிற்று.

அதன்பின் அந்த மாதிரிப் புத்தகங்களாகவே தேடிப் படித்தேன். நான் ஆயுள் காப்பீட்டு அலுவலகத்தில் வேலை பார்ப்பவன். பகலெல்லாம் மனிதர்கள் சாகக்கூடிய வாய்ப்புகளைப் பற்றிப் பேசிவிட்டு, வீட்டுக்கு வந்து கப்பல்கள் செத்த விதத்தைப் படிப்பேன். சர்க்கரை ஏற்றிப் போன கப்பல், கோதுமை ஏற்றிப் போன கப்பல், குதிரைகளோடு போன கப்பல். சிலவற்றுக்கு ஒரே ஒரு வரிதான்: துறைமுகத்தை விட்டுக் கிளம்பியது, பிறகு யாரும் பார்க்கவில்லை. அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு அரை மணி நேரம் பேச என்னால் முடியும். கேட்க ஆள்தான் கிடைக்காது. முதல் உலகப் போர், கப்பல் என்று நான் ஆரம்பித்தாலே எதிரில் இருப்பவர் முகம் மலர்ந்து, "எம்டன்தானே சார்? மெட்ராஸ்ல குண்டு போட்டுச்சே" என்பார். தமிழ்நாட்டில் அந்தப் போர் அன்று ஒரு ராத்திரி நடந்து, அன்றைக்கே முடிந்துபோனது. மற்ற கப்பல்களெல்லாம் எந்தத் தைரியத்தில் போய் மூழ்கினவோ.

இனி கல்யாண விஷயம். என் மகள் சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். பையன் அவளுடைய கல்லூரித் தோழியின் அண்ணன். இருவருக்கும் பிடித்துப்போயிற்று. எங்களுக்கும் ஆட்சேபம் இல்லை. பையனுக்கு அப்பா கிடையாது. அம்மா ஆரணியில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. "பார்க்கலாம்" என்றார். ஒரு வருடமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். என் மகள் வெளியே காட்டிக்கொள்ளவில்லை, ஆனால் போனை எடுக்கும் முன் ஒரு நொடி அதையே வெறித்துப் பார்க்கும் பழக்கம் அவளுக்கு வந்திருந்தது. அவர் மனசு வைத்தால்தான் இது நடக்கும் என்று எல்லோருக்கும் தெரியும்.

அந்த நிலைமையில்தான் என் மனைவி போனில் கொலுவுக்கு அழைத்தாள். பெண் பார்க்க வாருங்கள் என்று அழைத்தால் பதில் சொல்லியாக வேண்டும். கொலு பார்க்க வாருங்கள் என்றால் வரலாம், பொம்மையைப் பார்க்கலாம், பெண்ணையும் பார்க்கலாம், பிடிக்காவிட்டால் சுண்டலை வாங்கிக்கொண்டு போகலாம். யாருக்கும் முகம் சுருங்காது. பிடித்தால் பெண்ணின் தலையில் பூ வைப்பார்கள், அவ்வளவுதான், பேச்சு முடிந்தது. அந்த அம்மாள் வருவதாகச் சொன்னார். நவராத்திரி முடிந்து வரும் பௌர்ணமிக்கு ஊரில் கிரிவலக் கூட்டம் தாங்காது, அதற்கு முன்னாலேயே வந்துவிடுகிறேன் என்றார். கூடத் தன் தம்பியும் வருவதாகச் சொன்னார். தாய்மாமன் வருகிறார் என்றால் விஷயம் சுண்டலைத் தாண்டியது என்று என் மனைவி அர்த்தம் செய்துகொண்டாள். பரணிலிருந்து பொம்மைகள் இறங்கின.

நான் மெல்ல ஆரம்பித்தேன்.

"இந்த வருஷம் பார்க்கு வேணாம். படிக்குக் கீழ நான் ஒரு கடல் பண்றேன்."

"எதுக்குங்க கடலு? வருஷா வருஷம் கண்ணாடி வெச்சு குளம் பண்றோம். யாராச்சும் குறை சொன்னாங்களா?"

"பையன் கப்பல்ல இருக்கான். அவங்க அம்மா வந்து பார்த்தா சந்தோஷப்படுவாங்கல்ல?"

அவள் கையிலிருந்த பொம்மையைக் கீழே வைத்தாள். "கப்பல் மிதக்கும்ல?"

"மிதக்கும்."

"மிதக்க மட்டுந்தானே செய்யும்?"

பொய் சொல்ல எனக்கு வராது. "நடுநடுவுல கொஞ்சூண்டு மூழ்கும். திரும்ப வந்துடும்."

"ஏங்க, அம்பாள் எதிர்ல எவனாச்சும் கப்பலை மூழ்கடிப்பானா?"

மகிஷாசுரனைக் காலடியில் போட்டு மிதித்துக்கொண்டிருப்பவளுக்கு ஒரு சரக்குக் கப்பல் என்ன பெரிய அதிர்ச்சி என்று நான் வாதாடினேன். கடைசியில் ஓர் உடன்பாடு வந்தது. மற்ற நாளில் என் இஷ்டம். ஆரணிக்காரர்கள் வருகிற அன்று கப்பல் மிதக்க மட்டுமே வேண்டும், என் வாயில் "மூழ்கு" என்கிற சொல்லே வரக் கூடாது. சென்னையிலிருந்து மகளும் போனில் சத்தியம் வாங்கிக்கொண்டாள். "ப்பா, நீ லெக்சர் குடுக்க மாட்டேதானே? எனக்காகப்பா."

கப்பலை நான் செய்த விதத்தைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் எல்லாத் தொல்லையும் அதில்தான் இருந்தது. டின்னை வெட்டிக் கப்பல் வடிவத்துக்கு வளைத்து, அடியில் துளை போட்டு, மீன் தொட்டிக்குக் காற்று விடும் சின்ன மோட்டாரின் குழாயை உள்ளே செருகினேன். மோட்டார் ஓடினால் காற்று தண்ணீரை வெளியே தள்ளும், கப்பல் மிதக்கும். மோட்டாரை நிறுத்தினால் தண்ணீர் உள்ளே வரும், கப்பல் பின்பக்கமாக இறங்கும். பாதி இறங்கியதும் மறுபடியும் போட்டுவிடுவேன், எழுந்துவிடும். புகைபோக்கிக்குள் ஒரு கப் சாம்பிராணி. புகை அசல் நீராவிக் கப்பல் போலவே போகும், வீட்டுக்கும் மங்களம். நான் தேர்ந்தெடுத்த கப்பலும் மங்களமானதுதான். டார்பிடோ பட்டும் அதிலிருந்த ஒருவர்கூடச் சாகவில்லை, எல்லோரும் படகில் ஏறித் தப்பினார்கள். அதற்காகவே தேடிப் பிடித்திருந்தேன். எனக்கும் கொஞ்சம் இங்கிதம் உண்டு.

மாலுமிகளுக்குப் பொம்மை போதவில்லை. மேல்தளத்தில் ஒரு கேப்டனாவது நிற்க வேண்டாமா? படிகளில் தேடினேன். தசாவதாரத்தில் யாரையும் தொட முடியாது. செட்டியார் தொந்தியோடு உட்கார்ந்திருக்கிறார், எழுந்து நிற்க மாட்டார். கல்யாண செட்டில் மாப்பிள்ளை மட்டும் அளவாக இருந்தார். கோட்டு, பொத்தான், மீசை, கம்பீரம். காகிதக்கூழ் பொம்மை, கனமும் கம்மி. தெர்மாகோலில் ஒரு வெள்ளைத் தொப்பி வெட்டி, அவருடைய தலைப்பாகையின் மேல் கவிழ்த்து, காலை மேல்தளத்தோடு கம்பியால் கட்டியதும் அச்சாகக் கேப்டன். அவர் நின்றிருந்த இடம் காலியாகத் தெரியக் கூடாது என்று தவில்காரரை நகர்த்தி மணப்பெண்ணின் பக்கத்தில் உட்கார வைத்தேன். என் மனைவி கவனிக்கவில்லை. முன்னால் சாமந்தி மாலை தொங்கியது.

ஆரணிக்காரர்கள் ஒரு சாயங்காலம் வந்தார்கள். அந்த அம்மாள் மெலிந்த உருவம், பருத்திப் புடவை, கண்ணாடிக்கு மேலாக நிமிர்ந்து பார்க்கும் பார்வை. கரும்பலகையில் நாம் போட்ட கணக்கைப் பார்ப்பது போலவே கொலுவையும் மேலிருந்து கீழ்வரை பார்த்தார். அவர் தம்பி அதற்கு நேர்மாறு. நெல் வியாபாரி. வாசலிலேயே சிரித்துக்கொண்டு வந்தவர், வேறு வேலை வரும்வரை சிரிப்பை நிறுத்தவில்லை. என் மகள் பட்டுப் பாவாடை தாவணி கட்டலாமா, சேலை கட்டலாமா என்று இரண்டு நாள் யோசித்து, கடைசியில் சுடிதாரில் வந்து கும்பிட்டாள்.

எல்லாம் நன்றாகத்தான் போனது. மோட்டார் மெல்ல உறுமியது. கப்பல் மிதந்தது. புகைபோக்கியிலிருந்து சாம்பிராணி மணத்தது. நான் சுவரோரமாக, வாயை மூடிக்கொண்டு, பெண்ணைப் பெற்ற ஒரு முன்மாதிரித் தகப்பனாக நின்றேன்.

"அட, கப்பலு!" என்றார் தம்பி. "எம்டனா சார்?"

நான் வாயை மூடிக்கொண்டேதான் இருந்திருக்க வேண்டும். "இல்லைங்க. எம்டன் மூழ்கடிச்ச கட்சி. இது மூழ்கின கட்சி."

சுண்டல் கிளறும் கரண்டிச் சத்தம் உள்ளே நின்றது. என் மகள் கண்ணை மூடிக்கொண்டாள். அந்த நேரத்தில்தான் கரண்ட் போயிற்று.

அப்போதுதான் எனக்கு ஓர் உண்மை உறைத்தது. என் கப்பலுக்கு மிதக்கத்தான் கரண்ட் வேண்டும். மூழ்குவதற்கு ஒன்றும் வேண்டாம். மோட்டாரின் உறுமல் நின்ற அமைதியில், தொட்டியிலிருந்து "களக், களக்" என்று ஒரு சத்தம் கேட்டது. என் மனைவி எமர்ஜென்சி விளக்கைத் தூக்கிக்கொண்டு வந்து நேராகத் தொட்டிக்கு முன்னால் வைத்தாள். வேறு இடமே கிடைக்கவில்லை அவளுக்கு. அந்த வெள்ளை வெளிச்சத்தில் எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, கப்பலின் பின்பக்கம் இறங்கியது. முன்பக்கம் எழுந்தது. இத்தனை நாள் நான் கெஞ்சியும் வராத கோணம் அன்றைக்குத்தான் சரியாக வந்தது. சாம்பிராணி புஸ் என்றது. கோட்டு போட்ட கேப்டன் ஒரு கணம் நிமிர்ந்து நின்றுவிட்டு, கப்பலோடு சேர்ந்து மொத்தமாக உள்ளே போனார். தெர்மாகோல் தொப்பி மட்டும் மேலே வந்து, மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றியது.

அந்த அம்மாள் குனிந்து தண்ணீருக்குள் பார்த்தார். பிறகு நிமிர்ந்து மூன்றாம் படியைப் பார்த்தார். மறுபடியும் தண்ணீரைப் பார்த்தார்.

"அது கல்யாண செட்டு மாப்பிள்ளைதானே?"

"கேப்டனுங்க" என்றேன்.

"தலப்பா கட்டியிருக்காரே."

"தொப்பி கழண்டுடுச்சுங்க."

"பொண்ணு பக்கத்துல தவில்காரர் உக்காந்திருக்கார்."

தம்பிக்காரர் முதல் முறையாகச் சிரிப்பை நிறுத்தினார். என் மனைவி, "வெத்தலை பாக்கு தட்டை எங்க வெச்சேன்?" என்று சத்தமாகத் தேட ஆரம்பித்தாள். அது அவள் கையிலேயே இருந்தது.

அந்த அம்மாள் போய்விடுவார் என்றுதான் நினைத்தேன். அவர் தரையில் உட்கார்ந்தார், தொட்டிக்கு எதிரிலேயே.

"இதுல எஞ்சின் ரூமு எங்க?"

"அடியிலங்க" என்றேன். "எல்லாத்துக்கும் அடியில."

"டார்பிடோ எங்க வந்து அடிக்கும்?"

"அங்கதாங்க. அதான் அவங்க குறியே…"

"ப்பா" என்றாள் மகள்.

"இரும்மா, அவர் சொல்லட்டும்" என்றார் அந்த அம்மாள். "இந்தக் கப்பல்ல எத்தனை பேர் செத்தாங்க?"

"ஒருத்தர்கூட இல்லைங்க!" என்றேன். என் வாழ்க்கையில் அவ்வளவு பெருமையாக ஒரு பதிலைச் சொன்னதில்லை. அதோடு நிறுத்தியிருந்தால் நான் வேறு மனிதன். "ஆனா இது அபூர்வம். இதே மாதிரி வேற கப்பலுங்கள்ல பாய்லர் வெடிச்சு, கீழ இருந்தவங்க ஏணிக்கே வர முடியாம…"

என் மகள் என் பாதத்தை மிதித்தாள். எனக்கு வலித்தது. ஆனாலும் வாக்கியத்தை முடித்தேன். அப்படி ஒரு வியாதி எனக்கு.

"கீழ யார் இருந்தாங்க?"

"கரி அள்ளிப் போடறவங்க. நெறைய கப்பல்ல நம்ம நாட்டு ஆளுங்கதான். புத்தகத்துல வெள்ளைக்கார ஆபீசருங்களுக்குப் பேர் இருக்கும், ஊர் இருக்கும். இவங்களுக்குப் பல இடத்துல எண்ணிக்கை மட்டுந்தான் இருக்கும்."

"அவங்க வீட்டுக்கு யார் போய்ச் சொன்னாங்க?"

அந்தத் தடிப் புத்தகத்தையும் அதற்குப் பின் வந்த எல்லாவற்றையும் மனதுக்குள் புரட்டினேன். டன் கணக்கு இருக்கிறது, சரக்கு இருக்கிறது, கடலின் பெயர் இருக்கிறது. இது இல்லை. இருந்தால்கூட நான் தேடிப் பார்க்கவில்லை. இவ்வளவு வருடத்தில் அந்தக் கேள்வி எனக்குத் தோன்றவே இல்லை.

"தெரியலைங்க" என்றேன்.

அவர் தலையாட்டினார். கோபமாக இல்லை. "எனக்குப் பயமே அதுதாங்க. அவன் போன் பண்றான், நல்லாத்தான் பேசறான். எப்டிடா இருக்குன்னா ‘எல்லாம் ஏசிம்மா’ங்கறான். எங்க நிக்கறான், எங்க தூங்கறான், ஒண்ணும் சொல்ல மாட்டான். போட்டோ கேட்டா சூரியன் மறையறதை எடுத்து அனுப்பறான். நான் சூரியனையா பெத்தேன்?"

தம்பிக்காரர் சிரிக்கப் பார்த்து, அக்காவின் முகத்தைப் பார்த்து விட்டுவிட்டார். ஒரு வருடமாகப் "பார்க்கலாம்" என்றவரைக் கூப்பிட்டு வைத்து, அவர் பயந்ததையெல்லாம் பொம்மை வைத்துக் காட்டியிருக்கிறேன். இனி இந்த இடம் அவ்வளவுதான்.

அப்போது என் மகள் தொட்டியருகே மண்டியிட்டாள். சுடிதாரின் கை நனைய நனைய உள்ளே விட்டு, கப்பலை வெளியே எடுத்து, கவிழ்த்துத் தண்ணீரைக் கொட்டினாள்.

"ஆன்ட்டி, அப்பா சொல்றது நூறு வருஷம் முந்தின கதை. அப்பாவுக்குத் தெரிஞ்சது அங்கயே நின்னுடுச்சு. இப்ப அப்படி இல்ல. இதோ பாருங்க, எஞ்சின் ரூம் இங்கதான். ஆனா அங்கேருந்து நேரா மேல வர்றதுக்குன்னே தனியா ஒரு ஏணி இருக்கு. நாலு பக்கமும் நெருப்பு புகாத சுவரு. லைட்டு போனாலும் கையாலயே தடவி ஏறிடலாம். அடிக்கடி ஒத்திகை வேற. இந்தப் பக்கம் ஒரு படகு இருக்கு, அதோட எஞ்சினைக் கிளப்பற வேலை உங்க பையனோடதுதான். அவர் இல்லாம அந்தப் படகு போகாது."

"அவன் ரூமு?"

"மேல நாலாவது மாடி. ஜன்னல்ல பார்த்தா கன்டெய்னர்தான் தெரியும், கடல் தெரியாது. உங்களுக்கு அந்த சூரியன் போட்டோ எடுக்கறதுக்குன்னே ஷிப்ட் முடிஞ்சு மேல ஏறி வருவாரு."

அந்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றினார். மறுபடியும் போட்டுக்கொண்டார்.

"உனக்கு மட்டும் எப்டிம்மா சொன்னான்?"

"சொல்லலையே. எங்கிட்டயும் ஏசின்னுதான் சொன்னாரு. முழுக் கப்பலையும் படம் போட்டு அனுப்பற வரைக்கும் போன் எடுக்க மாட்டேன்னுட்டேன்."

"அனுப்பினானா?"

"மூணாவது நாள் அனுப்பினாரு. படம் கேவலமா இருக்கும்."

அவள் போனை நீட்டினாள். எட்டிப் பார்த்தேன். கேவலமாகத்தான் இருந்தது. குழந்தைகள் போடும் கப்பலுக்குள் பெட்டி பெட்டியாகக் கோடுகள். ஆனால் அந்த அம்மாள் அதைக் கையில் வாங்கி, பரீட்சைப் பேப்பர் திருத்துவது போல ஒவ்வொரு பெட்டியாகப் பார்த்தார்.

"இவன் நிக்கற இடத்துக்கும் இந்த ஏணிக்கும் எவ்ளோ தூரம்? அளவு போடலையே."

"கேட்டேன் ஆன்ட்டி. மூச்சைப் புடிச்சிக்கிட்டு ஓடினா மூச்சு விடறதுக்குள்ள போயிடலாம்."

"அவன் சொன்னானா?"

"ஓடிப் பார்த்துட்டு வந்து சொல்லுன்னேன். ஓடிட்டு வந்துதான் சொன்னாரு. மூச்சு வாங்கிச்சு, அதனால உண்மைன்னு தெரிஞ்சுது."

அந்த அம்மாள் சிரித்தார். அவர் சிரிப்பார் என்று அவர் தம்பிக்கே மறந்துபோயிருக்க வேண்டும், திரும்பிப் பார்த்தார். "சோம்பேறிப் பையன். பால் வாங்க தெருமுனைக்கு அனுப்பினா ஓட மாட்டான்" என்றார். பிறகு என் மனைவி ஏந்திக்கொண்டு நின்ற தட்டிலிருந்து மல்லிகைச் சரத்தை எடுத்து, என் மகளைத் திரும்பச் சொல்லி, அவள் பின்னலில் வைத்தார். பூ நழுவாமல் தன் கொண்டையிலிருந்தே ஒரு ஊசியைப் பிடுங்கிச் செருகினார். என் மனைவி அழுதாள். தட்டு சாய்ந்து பாக்கு உருண்டது.

அத்தோடு அவர் விடவில்லை. கப்பலின் மேல்தளத்தில் கட்டியிருந்த மாப்பிள்ளையை அவிழ்த்து முந்தானையால் துடைத்தார். காகிதக்கூழ் ஊறி, மீசையில் பாதி போய்விட்டிருந்தது. படியருகே போய் தவில்காரரை எடுத்து அவருடைய இடத்தில் வைத்துவிட்டு, அரை மீசை மாப்பிள்ளையைப் பெண்ணின் பக்கத்தில் நிறுத்தினார். "ஈரம் காயற வரைக்கும் வெளில எடுக்காதீங்க" என்று என்னிடம் சொன்னார். கரண்ட் வந்தது. கப்பல் இல்லாத தொட்டியில் மோட்டார் மட்டும் சந்தோஷமாகக் குமிழ் விட்டுக்கொண்டிருந்தது.

அதற்குப் பிறகு நான் சும்மா இருந்திருக்கலாம். மனிதர்களுக்கு அது அவ்வளவு சுலபமில்லை. அலுவலகத்தில் சொன்னேன், டீக்கடையில் சொன்னேன், பூ வாங்குகிற இடத்தில் சொன்னேன். சொல்லச் சொல்லக் கதை மெருகேறியது. முதலில் கப்பல் தற்செயலாக மூழ்கியது. அடுத்த முறை சொன்னபோது, அந்த அம்மாளின் மனதிலிருந்த பயத்தை வெளியே கொண்டுவர நானே யோசித்துச் செய்த ஏற்பாடு ஆனது. கரண்ட்டையும் நானே நிறுத்தியதாக ஒருமுறை சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. என் மனைவி அன்று முழுக்க என்னோடு பேசவில்லை.

தை மாதம் ஆரணியில் நிச்சயதார்த்தம். பையன் விடுப்பில் வந்திருந்தான். போட்டோவில் இருப்பதைவிடக் கறுப்பாக, நல்ல உயரமாக, என் காலைத் தொட்டுவிட்டு, "அங்கிள், அந்தக் கப்பல் இன்னும் இருக்கா? எனக்குப் பார்க்கணும்" என்றான். எனக்கு அவனை மிகவும் பிடித்துவிட்டது. சாப்பாட்டுப் பந்தியில் என்னைச் சுற்றி ஒரு கூட்டம். அவனுடைய சித்தப்பா, பெரியப்பா, கப்பல் நண்பர்கள் இரண்டு பேர். கேட்க ஆள் கிடைக்காமல் வருடக்கணக்கில் தவித்தவனுக்கு இலைக்கு இலை ரசிகர்கள். நான் வடையைக்கூடத் தொடாமல் சொன்னேன். இருட்டு, விளக்கு, களக் களக், தொப்பி. "கடைசியில பாருங்க, ஒரு வருஷமா ‘பார்க்கலாம், பார்க்கலாம்’னு இருந்தவங்க மனசை மாத்தினது ஒரு எண்ணெய் டின்னு!" என்று முடித்துவிட்டு, கைதட்டலுக்காகக் கொஞ்சம் இடம் விட்டேன்.

எதிர் இலையில் பாயசத்தைக் குடித்துக்கொண்டிருந்த பையனின் தாய்மாமன், நெல் வியாபாரி, டம்ளரைக் கீழே வைத்தார்.

"அட நீங்க வேற சம்பந்தி. எங்க அக்கா அன்னிக்கு ஆரணியில பஸ் ஏறும்போதே சரின்னு முடிவு பண்ணிட்டுத்தான் ஏறினாங்க. உங்க கப்பலைப் பார்த்துட்டுத்தான் நடுவுல கொஞ்ச நேரம் வேணாம்னு நெனச்சாங்களாம்."